ஐட்லிங்கும் ஆறு அடுப்புகளும்

பிப்ரவரி 20

அடுப்புக்காரனுக்கு,

நேற்று போனை வைத்தது நான்தான். லைன் கட்டாகவில்லை. நீ மாமாவிடம் லைன் போய்விட்டது என்று சொல்லியிருப்பாய். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே கைபேசியை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். என்ஜின் சோதனை நிலையம் என்றால் அப்படித்தானாம். இருக்கிற ஒரே போன் மேற்பார்வையாளர் அறையில் இருக்கிறது. நேற்று எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் என் காதுக்குப் பக்கத்தில் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நீ ஒரே மூச்சில் கொட்டுகிறாய். மாமா விழுந்து வலது கை வராமல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நம் வாண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். உனக்கு லீவு மறுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சரி, நீ வேலையைப் பாரு" என்கிறாய்.

எந்த வேலையைப் பார்ப்பது? "இதையெல்லாம் ஏன் இப்ப சொல்றே?" என்று கேட்டேன். நான் கேட்டதன் அர்த்தம் 'ஏன் அன்றைக்கே சொல்லவில்லை' என்பது. நீ அதை 'எனக்குத் தொந்தரவு கொடுக்காதே' என்று எடுத்துக்கொண்டாய். உன் குரல் உடனே கெட்டியாகிவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதோடு பேச என்னால் முடியாது, வைத்துவிட்டேன்.

மாமா உனக்கு அப்பா என்றால் எனக்கு யாரோவா? நம் கல்யாணத்துக்கு உன் பக்கத்தில் வாயைத் திறந்து சரி என்ற ஒரே ஆள் அவர்தான். அவர் கை வராமல் கிடந்தபோது நான் இங்கே பனியில் பூட்ஸ் வாங்குவது பற்றி உனக்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இனி போன் வேண்டாம். கம்பெனித் தபால் பை சரக்கு விமானத்தில் வாரம் இரண்டு முறை போகிறது, கடிதம் போடு. டாக்டர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுது. வீட்டில் வேலைப் பேச்சு கூடாது என்று வாண்டு பிறந்த வருஷம் போட்ட சட்டம் கடிதத்துக்கும் உண்டுதானே? அப்படியானால் என்னிடம் எழுத ஒன்றும் இல்லை. இங்கே வேலையும் குளிரும் மட்டும்தான் இருக்கின்றன.

என்ஜின்காரி


பிப்ரவரி 26

என்ஜின்காரிக்கு,

லைன் போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "லைன் போகலடா, அவ போயிட்டா. நீ பேசின லட்சணத்துக்கு நானா இருந்தா இன்னும் முன்னாடியே வெச்சிருப்பேன்" என்றார். பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை என்பது இதிலிருந்தே உனக்குப் புரியும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். மூளையில் சின்ன அடைப்பு, பேச்சைத் தொடவில்லை, கையை மட்டும் பிடித்திருக்கிறது. பயிற்சி கொடுத்தால் பாதிக்கு மேல் திரும்பும். தினமும் காலையில் ஒரு பெண் வந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கிறாள். அப்பா அவளுக்கு 'போலீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இடது கையால் சாப்பிடுகிறார். முதல் வாரம் சட்டை சாப்பிட்டது, இப்போது அவரே சாப்பிடுகிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நீ புறப்பட்ட அன்று உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். நம் கம்பெனி விமானம் ஒன்று இறங்கும்போது என்ஜின் நின்றுபோயிருக்கிறது, அதற்குக் காரணம் கண்டுபிடி என்று உன்னை அனுப்புகிறார்கள். பெட்டியில் ஒரே கலர் சாக்ஸ்கூட நீ வைக்கவில்லை. அந்த மண்டைக்குள் இதையும் எதற்குத் திணிப்பது என்று நினைத்தேன். நாளை சொல்லலாம், கை கொஞ்சம் அசையட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். போனில் உன் குரலைக் கேட்டதும் அடக்க முடியவில்லை, எல்லாம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

வாண்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குழாய் சரியாகிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மட்டும் இன்னும் முறைக்கிறார், அவருக்கு முகமே அப்படித்தான். நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள் என்று போன கடிதத்துக்கு முந்தினதில் எழுதியிருந்தாய். இருக்கவேண்டும் என்றால் இரு. உன் இஷ்டம்.

அடுப்புக்காரன்


மார்ச் 4

அடுப்புக்காரனுக்கு,

'சமாளித்துக்கொள்கிறோம்.' இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். நல்ல செய்திதான், சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகை வந்தது. நான் இல்லாமல் ஒரு வீடு நன்றாக ஓடுகிறது என்று வீட்டுக்காரனே எழுதித் தந்தால் வேறென்ன வரும்?

வாண்டு அவள் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'அம்மா நீ அங்க என்ன பண்ற'. அதற்குப் பதில் சொல்ல நான் சட்டத்தை மீறப்போகிறேன். அவளுக்குப் படித்துக் காட்டு.

கண்ணே, அப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு இருக்கிறதல்லவா? விளக்கைப் போட்டதும் பெடல் கனக்கும். வேகமாகப் போகும்போது அது தெரியாது. மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது போட்டால் கால் அப்படியே நின்றுவிடும். விமானத்திலும் விளக்கு, காற்று, சினிமா, சமையல் எல்லாவற்றுக்கும் கரண்ட் என்ஜின்தான் கொடுக்கிறது. பல்சக்கரம் வைத்து என்ஜின் அச்சோடு ஒரு ஜெனரேட்டரைப் பூட்டியிருக்கிறார்கள். கரண்ட் சும்மா வருவதில்லை, அச்சு அதற்காக உழைக்கவேண்டும். எவ்வளவு கரண்ட் கேட்டால் எவ்வளவு கனக்கிறது என்று அம்மா இங்கே அளந்துகொண்டிருக்கிறேன்.

இனி உனக்கு. மேலே பறக்கும்போது என்ஜினிடம் இருக்கிற பலத்துக்கு ஜெனரேட்டர் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். இறங்கும்போது பைலட் என்ஜினைத் தணித்துவிடுவார். தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் அது எரியும். தெருமுனை மெக்கானிக் ஐட்லிங் என்று சொல்வானே, அதேதான். அந்த நேரத்தில் கரண்ட் தேவை திடீரென்று எகிறினால் அச்சு தளர்கிறது. அச்சு தளர்ந்தால் உள்ளே வரும் காற்று குறைகிறது. கம்ப்யூட்டர் பதறிப்போய் எண்ணெயை ஊற்றுகிறது. காற்று இல்லாமல் எண்ணெய் மட்டும் போனால் சூடுதான் ஏறும், வேகம் ஏறாது. அன்றைக்கு இடது என்ஜின் அப்படித்தான் அடங்கிப்போயிருக்கிறது. பைலட் இரண்டாவது தடவை முயன்று மறுபடி ஓட்டினார், எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

அந்த விமானத்தின் பதிவைப் பார்த்தேன். என்ஜின் தளர்வதற்குச் சற்று முன்னால் கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. வந்ததும் லோடு, அதாவது கரண்ட் இழுப்பு, ஒரே தாவலாக ஏறியிருக்கிறது. இவ்வளவு பெரிய தாவல் விளக்கிலோ சினிமாவிலோ வராது. சமையல்கட்டிலிருந்துதான் வரும். இதைக் கேட்க, விமான அடுப்புகளுக்கு வயர் போடுகிற உன்னைவிட்டால் ஆள் யார்? கரண்ட் போய் வந்தால் உன் அடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே எழுந்திருக்கும்?

இன்னொன்று. இங்கே நிலையத் தலைவர் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். இரண்டு வருஷம். ஏப்ரல் கடைசிக்குள் சொல்லவேண்டும்.

என்ஜின்காரி


மார்ச் 10

என்ஜின்காரிக்கு,

நீ கேட்டதைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வரைபடத்தை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, இருந்தும் எடுத்துப் பார்த்தேன்.

இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருக்காது. ஆறும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்.

முன்பு நீ சொன்ன மாதிரிதான் இருந்தது. கரண்ட் வந்ததும் முதல் அடுப்பு, கொஞ்சம் பொறுத்து இரண்டாவது, அப்படியே ஆறு வரைக்கும். கடைசி அடுப்புச் சாப்பாடு ஆறிப்போகிறது, பின்வரிசைப் பயணிகள் எங்களைத் திட்டுகிறார்கள் என்று பணிப்பெண்கள் ஓயாமல் புகார் செய்தார்கள். நான்தான் அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டேன். நவம்பரில். முறைப்படி எழுதி, மேலே கையெழுத்து வாங்கி, சோதித்துத்தான் எடுத்தேன். வயர் தாங்குமா? தாங்கும். ஜெனரேட்டர் தாங்குமா? தாங்கும். அந்த ஜெனரேட்டரைச் சுற்றுகிறவன் தாங்குவானா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆயிரக்கணக்கான குதிரைகளின் பலம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறீர்கள், ஆறு அடுப்பைத் தாங்கமுடியாத என்ஜின் என்ன என்ஜின்? இத்தனை வருஷம் இதைவிட மோசமான லோடெல்லாம் தாங்கியதே. அந்த ஐட்லிங்கில் யாரோ கை வைத்திருக்கவேண்டும். அது யார் என்று ஆபீஸில் உங்கள் என்ஜின் மாடியில் விசாரி.

பதவி பற்றி. நல்ல பதவி. உனக்குத் தகுதியானது. நீ யோசித்து முடிவெடு.

அடுப்புக்காரன்


மார்ச் 16

அடுப்புக்காரனுக்கு,

விசாரித்துவிட்டேன். நான்தான்.

எண்ணெய் மிச்சப்படுத்தவேண்டும் என்று மேலிடத்தில் உயிரை எடுத்தார்கள். இறங்கும்போது என்ஜின் தேவைக்கு மேல் எரிகிறது, ஐட்லிங்கைக் குறைக்கலாம் என்று எழுதியது நான். பழைய அடுப்புக் கணக்கை வைத்துத்தான் சோதித்தேன். அடுப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தால் என் புது ஐட்லிங் அழகாகத் தாங்கும். ஆறும் சேர்ந்து எழுந்தால் பழைய ஐட்லிங் அழகாகத் தாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் வினை. எந்த மாதம் என்று கேள். நவம்பர்.

இதைக் கண்டுபிடித்தபோது சோதனைக் கூடத்தில் நான் தனியாக இருந்தேன். சிரித்துவிட்டேன், நிஜமாகவே வாய்விட்டு. அப்புறம் அங்கிருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். உன் மாடிக்கும் என் மாடிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அது கம்பெனியின் லட்சணம். ஆனால் நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோமே! அந்த நவம்பரில் ஒரு நாள் நீ விரல் சுட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நான் களிம்பு தடவினேன். எப்படிச் சுட்டது என்று கேட்கவில்லை. கேட்டால் வேலைப் பேச்சு ஆகிவிடும். "அடுப்புல தாமதத்த எடுத்துட்டு சோதிச்சேன்" என்று நீ ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் என் மண்டையில் மணி அடித்திருக்கும். நம் வீட்டில் சண்டை வரக்கூடாது என்று நாம் போட்ட சட்டம் ஒரு விமானத்தைக் கடலுக்கு மேல் தள்ளாடவிட்டிருக்கிறது.

இதை அறிக்கையில் எழுதத்தான் போகிறேன். நீயும் உன் மேலாளரிடம் போய்ச் சொல். மற்ற விமானங்களில் இப்போதைக்கு இறங்கத் தொடங்கும்போதே அடுப்பை அணைத்துவிடச் சொல்லி உத்தரவு அனுப்பியாகிவிட்டது, பயப்படாதே.

பதவி பற்றி 'யோசித்து முடிவெடு' என்கிறாய். நான் யோசிப்பதில் ஒரு குறையும் இல்லை. வேறு யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை, அதுதான் குறை. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதேன். கல்யாணத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதினவன்தானே?

என்ஜின்காரி


மார்ச் 28

என்ஜின்காரிக்கு,

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ வீட்ல என்னதான் பேசுவீங்க?" என்றார். அந்தக் கேள்வியை வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு வந்தேன். என்ன பேசினோம்? பால், ஃபீஸ், துணி, யார் வாண்டுவைக் கூட்டி வருவது. கெட்டதில்லை, ஆனால் அவ்வளவுதான் பேசினோம்.

என் மேல் நடவடிக்கை ஒன்றும் இல்லை. முறைப்படி நடந்த மாற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். அதுவே எனக்கு ஆறவில்லை, நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்பாவின் கட்டைவிரல் அசைகிறது. போலீஸ் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் அசைத்துக் காட்டுகிறார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. வாண்டுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உனக்கு அனுப்பவேண்டும் என்று பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள். கம்பெனிப் பையில் பல் போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா தெரியவில்லை.

மாலையில் விமானங்கள் நம் மொட்டைமாடிக்கு மேல்தானே இறங்கும்? முன்பு எனக்கு அது வெறும் இரைச்சல். இப்போது ஒவ்வொன்றும் போகும்போது கை வேலையை நிறுத்தி, என்ஜின் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கேட்கிறேன். எனக்கு அதில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. நீ கேட்கிற சத்தம் என்பதால் கேட்கிறேன். உன் அலமாரிக் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை. நான் அதைச் சரிசெய்யவில்லை. திறந்தால் உன் சேலை தெரிகிறது, திறந்தே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுதச் சொன்னாய். எழுதி எழுதிக் கிழித்தேன். நான் வா என்றால் நீ வந்துவிடுவாய். பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பதவியை நினைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பாய். அதனால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உன் இஷ்டம்தான்.

அடுப்புக்காரன்


ஏப்ரல் 14

அடுப்புக்காரனுக்கு,

உன் அடுப்புகள் வந்து சேர்ந்தன. இங்கே செயற்கையாக லோடு கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு, ஆனால் அசல் அடுப்பு கரண்டை எப்படி இழுக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஆறையும் கேட்டிருந்தேன். மரப்பெட்டியின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று உன் கையெழுத்து. இறக்கின ஆட்கள் போகிற வரைக்கும் காத்திருந்து அதைத் தடவிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயதில் மரப்பெட்டி எழுத்தைத் தடவுகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

என்ஜினைத் தணித்து, ஆறையும் ஒன்றாக எழுப்பினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது தளர்வதை என் காலிலேயே உணர்ந்தேன். தரை அதிர்வு மாறிவிட்டது. உடனே லோடை வெட்டினோம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினோம், அசையவே இல்லை. மூன்றாவதாக ஒன்று செய்து பார்த்தோம். அடுப்புகள் எழுவதற்கு இரண்டு நொடி முன்னால் 'லோடு வருகிறது' என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுத்தோம். அது அச்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றது. ஆறும் ஒன்றாக எழுந்தன. அதே அடுப்பு, அதே லோடு, ஒரு சின்னத் தலையசைப்போடு வாங்கிக்கொண்டது. இதுதான் தீர்வு என்று முடிவாகிவிட்டது. வழக்கமான நேரத்தில் ஐட்லிங் குறைவாகவே இருக்கலாம், எண்ணெயும் மிச்சம், சாப்பாடும் சூடு.

இப்போது நான் என்ன எழுதப்போகிறேன் என்று உனக்குத் தெரியும். 'உன்னை என்ஜின் ஆக்கிக்கொள்ளாதே' என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்குப் பாரம் அதிகமாகிவிடும் என்று நீயாக ஒரு கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக மறைக்கிறாய். மாமாவின் கையை மறைத்தாய். இப்போது உன் மனசை மறைக்கிறாய். நான் உன் முகத்தைப் பார்த்துக் குறை சொல்வேன் என்று எனக்காக நீயே பயப்படுகிறாய். என்னிடம் கேட்டாயா?

உண்மையைச் சொல்கிறேன். பதவி எனக்குப் பிடித்திருக்கிறது. பாதி மனசு இங்கே இருக்கிறது. மீதிப் பாதி அந்த மூடாத அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆனால் என்னை வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத வீட்டுக்கு நான் எந்த உரிமையில் திரும்பி வருவேன்? நான் முப்பதாம் தேதி பதில் சொல்லவேண்டும். அதற்கு முந்தின பை இருபத்தேழாம் தேதி வரும். அதிலும் 'உன் இஷ்டம்' என்று எழுதியிருந்தால் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இது மிரட்டல்தான்.

என்ஜின்காரி


ஏப்ரல் 24

என்ஜின்காரிக்கு,

வந்துவிடு.

எழுதிவிட்டேன். அடுத்த வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

நாங்கள் சமாளிக்கவில்லை. அது பொய். அப்பா குளியலறையில் வழுக்கிய இரண்டாவது தடவையை உன்னிடம் சொல்லவில்லை. அடி இல்லை, ஆனால் அவர் தரையில் உட்கார்ந்தபடி "அவ எப்படா வருவா?" என்று கேட்டார். வாண்டு உன்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் அழுதபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. நான் பட்டறையில் அடுப்புக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, வயரைப் பார்ப்பதுபோல் அழுதிருக்கிறேன். உள்ளே எதிரொலிக்கும் என்று எனக்குத் தெரியாது, பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக இல்லை. வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். எனக்கு நீ வேண்டும். காலையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நீ போடுகிற சத்தம் வேண்டும். நான் சொல்கிற மொக்கை ஜோக்குக்கு நீ தருகிற அந்தப் பார்வை வேண்டும். ஒன்பது வருஷம் கூடவே இருந்தாய், ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. சொல்லாமலே உனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

பதவியை விடு என்று நான் சொல்லவில்லை. உனக்கு அது பிடித்திருக்கிறது என்றால் வேறு ஏதாவது வழி பார்ப்போம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளிருக்கு வரமுடியுமா என்றுகூட டாக்டரிடம் கேட்டேன், கூடாது என்றார். நான் கேட்பது ஒன்றுதான். முடிவெடுக்கும்போது, ஒருவன் உனக்காக இங்கே உயிரை விட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்து எடு.

உன்னுடைய
அடுப்புக்காரன்


மே 1

என் அடுப்புக்காரனுக்கு,

பை வந்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆப்பிள்காரர் தாண்டிப் போகும்போது, "நல்ல செய்தியா, கெட்டதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன், அழுதுகொண்டே சிரித்தேன். அவர் ஓடியே போய்விட்டார்.

தலைவரிடம் நேராகச் சொன்னேன். "ரெண்டு வருஷம் இங்கேயே உட்கார முடியாது சார். மாசத்துல ஒரு வாரம் வரேன். மத்த நாள் அங்கிருந்தே பாத்துக்கறேன். சரின்னா பதவி குடுங்க, இல்லன்னா வேற ஆளைப் பாருங்க." மூக்கால் அழுதார். இதுவரை அப்படி வழக்கமில்லை என்றார். இனிமேல் இருக்கட்டும் என்றேன். இரண்டு நாள் மேலிடத்தோடு பேசிவிட்டு இன்று காலை சரி என்றார்.

அந்த ஒரு வாரமும் நான் இங்கே இருக்கும்போது தினமும் போன் செய்வேன். வரிசையில் நிற்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கடித்துக்கொள்ளட்டும். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே சொல்லவேண்டும். மாமா வழுக்கினதை மறைத்ததற்கு நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு கொட்டினேன் என்று சொல்லாதே. புது ஏற்பாட்டோடு முதல் விமானம் ஒன்பதாம் தேதி மதியம் இங்கிருந்து கிளம்பி அங்கே வருகிறது. பயணிகள் கிடையாது. இறங்கும்போது கரண்டை வேண்டுமென்றே ஒரு நொடி வெட்டி, ஆறு அடுப்பையும் ஒன்றாக எழுப்பிப் பார்க்கப்போகிறோம். நான் அதில்தான் வருகிறேன். வேறு விமானத்தில் வா என்று எழுதுவாய். வரமாட்டேன். ஐட்லிங்கைக் குறைத்தவள் நான், நான்தான் அதில் உட்காரவேண்டும்.

வாண்டுவிடம் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

உன் என்ஜின்காரி


மே 9

என் என்ஜின்காரிக்கு,

இதைப் பையில் போட வழியில்லை, நீ புறப்பட்டுவிட்டாய். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் இருக்கிறேன். அப்பாவைக் கீழே ஜன்னலோரம் உட்காரவைத்திருக்கிறேன். சட்டை மாற்றிக்கொண்டே தீருவேன் என்று அடம்பிடித்து, பொத்தானில் ஒன்றைத் தானே போட்டார். வாண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நிற்கிறாள். இறங்கச் சொன்னால் கேட்கவில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது, நானே நாலு தடவை ஏறிப் பார்த்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்கக்கூடாது என்று சொன்னாயே, அதனால் எழுதுகிறேன். உன் வேலையில் நம்பிக்கை இருக்கிறது, என் அடுப்பிலும் இருக்கிறது. இருந்தும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்நேரம் கரண்டை வெட்டுகிற அந்த இடம் வந்திருக்கும். நீ இயர்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி கை காட்டியிருப்பாய். கரண்ட் போய் வந்திருக்கும். ஆறும் எழுந்திருக்கும். பட்டறையில் நூறு முறை எழுப்பிப் பார்த்த அடுப்புகள்தான். அவை எழும்போது வரும் அந்த உறுமலை இன்றைக்கு நீ கேட்கிறாய், நான் கேட்கவில்லை.

நேற்று மேலாளர் கூப்பிட்டு, ஓடுதளத்துக்கே வந்து வரவேற்கலாம், அனுமதிச் சீட்டு தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அங்கே நாலு அதிகாரிகள் நிற்பார்கள், நீ அவர்களிடம் அளவுகளைச் சொல்வாய், நான் ஓரமாக நின்று தலையாட்டவேண்டும். எனக்கு நீ வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் வேண்டும்.

என்ன பேசப்போகிறேன் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. நவம்பரிலிருந்தா, கல்யாணத்திலிருந்தா?

வாண்டு கத்துகிறாள். கிழக்கே ஒரு புள்ளி. சத்தம் இன்னும் வரவில்லை. இரு.

வருகிறது. இரண்டு என்ஜினும் ஓடுகின்றன, எனக்கே கேட்கிறது. எனக்கு என்ஜின் தெரியாது என்று இனிமேல் சொல்லாதே. இரண்டும் ஒரே சீராக, நம் தலைக்கு மேல், துணிக்கொடி ஆட, போகின்றன. வாண்டு கையை ஆட்டுகிறாள். நான் எழுதிக்கொண்டு நிற்கிறேன், முட்டாள்.

கீழே போகிறேன். நீ வா. இந்தமுறை எல்லாவற்றையும் நேரில் சொல்கிறேன்.